குசலம்

புந்தா அரேனாஸ் மருத்துவமனையின் அடித்தளத்தில்
வருடம் முழுவதும் பதினெட்டு டிகிரி.
மேலே தெருவில் காற்று.
நடப்பவர் பற்றிக்கொள்ள
மூலைக்கு மூலை கயிறு கட்டியிருக்கிறார்கள்.
எனக்குக் கயிறு
கறுப்புத் திரையில் விட்டு விட்டு மின்னும்
இந்தச் சின்னக் கோடுதான்.

மாதம் இரண்டு முறை குசலம் கேட்கிறேன்.
ஒரு வரி தட்டி, என்டர்.
விசிறிகள் எட்டும் சௌக்கியமா?
சௌக்கியம்.
மின்வழங்கி இரண்டும்?
சௌக்கியம்.
டிஸ்க்குகளை வரிசையெண் சொல்லிக் கூப்பிடுகிறேன்,
இருபத்து நான்கும் உள்ளேன் என்கின்றன.
பதினேழு மட்டும்
யோசித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு.

பக்கத்து நாற்காலியில் தெல்மோ
அங்கியை முகம்வரை இழுத்துவிட்டுத் தூங்குகிறான்.
'பச்சைதானே?'
'பச்சைதான்.'
அவனுக்கு அது போதும்.

கடைசிக் கேள்வி எப்போதும் மணி.
முனை ஒன்று சொன்னது: இரண்டு நாற்பத்தொன்று.
முனை இரண்டு சொன்னது: ஒன்று நாற்பத்தொன்று.
அதன் கீழே, ஒன்றும் நடக்காதது போல,
பொது ஆரோக்கியம் சரி,
எச்சரிக்கை ஒன்று.

இரண்டில் எதுவும் பொய் சொல்லவில்லை.
குளிர்காலம் வந்தால் தலைநகரம்
கடிகாரத்தை ஒரு மணி பின்னால் இழுத்துக்கொள்ளும்,
தென்கோடியில் நாங்கள் இழுப்பதில்லை.
ஒன்பது நாள் முன்பு பலகை மாற்ற வந்த சாந்தியாகோ ஆள்
விமானத்துக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினான்.
தன் ஊர் மணியை
எங்கள் பெட்டிக்குள் மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

அந்த ஒன்பது நாளில்
முனை இரண்டு எழுதியதையெல்லாம் கொட்டச் சொன்னேன்.
சலவைக்குப் போன விரிப்புகள்.
யாரோ தொடாமல் திருப்பியனுப்பிய சூப்.
சர்க்கரை அளவுகள், சர்க்கரை அளவுகள்.
ஒரு மணி தவறினால் சூப்புக்கு என்ன?
பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனவள்
ஓரிடத்தில் நின்றேன்.

மான்சில்யா, பெண், ஜூன் பதினான்கு, 00:12.
மான்சில்யா, ஆண், ஜூன் பதின்மூன்று, 23:21.

ஒரே தாய். ஒரே இரவு.
ஒன்றை முனை ஒன்று எழுதியிருக்கிறது,
மற்றதை முனை இரண்டு.
கொம்பு காதை முந்திவிட்டது.

மூன்றாம் மாடிக்குப் போன் போட்டேன்.
எர்மினியா எடுத்தாள்,
பின்னால் ஏதோ ஒரு குழந்தை.
'மான்சில்யா இரட்டையில் முதலில் வந்தது யார்?'
'பெண்தான். ஊரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.
அவன் ஒன்பது நிமிஷம் கழித்து, மனசே இல்லாமல்.
ஏன், உன் மெஷின் வேறு ஏதாவது சொல்கிறதா?'

சொல்கிறது.
அதற்கு உடம்பு நன்றாக இருக்கிறது,
எல்லா விசிறியும் சுற்றுகிறது,
அது சொல்கிறது.

திருத்தும் வரியைத் தட்டி முடித்தேன்.
என்டர் மேல் விரல் நின்றது.
பிறந்த தேதியைத் தொட இரண்டு கையெழுத்து வேண்டும், விதி.
தெல்மோவை உலுக்கினேன்.
கண்ணைக் கசக்கி
இரண்டு வரியையும் இரண்டு முறை படித்தான்.
'பாவம் பையன்' என்றான்.
போட்டான்.

எட்டு நாள் அண்ணனாக இருந்தவன்
மூன்று மணி ஆறு நிமிடத்துக்குத்
தம்பியானான்.
எங்கேயும் எதுவும் அசையவில்லை.
ஒரு விசிறிகூட வேகம் மாற்றவில்லை.

முனை இரண்டுக்கு எங்கள் ஊர் மணியைச் சொல்லிக்கொடுத்து
மறுபடி முதலிலிருந்து கேட்டேன்.
சௌக்கியம். சௌக்கியம்.
மணி இரண்டிலும் ஒன்றே.
எச்சரிக்கை இல்லை.

பதினேழு இந்த முறையும் கடைசியாகத்தான் வந்தது.
நோட்டில் குறித்துக்கொண்டு
கோட்டை மாட்டிக்கொண்டு
கயிறு இருக்கும் பக்கமாக வெளியேறினேன்.